வத்தும் பெருக்கும்

என் கணவரை நம்பி ஆக்லாந்துக்கு வந்தேன் என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். விருந்தாளிகள் முன்னால் அப்படித்தான் சொல்லியும் வருகிறேன். ஆனால் உண்மையில் நான் வந்தது ஓர் ஆற்றை நம்பி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஞாயிறு விடிந்தால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிக் கரையோரம் கிளம்பிவிடுவேன். டீச்சர் யாரையோ வேவு பார்க்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இந்தக் கோலத்தில் சுற்றினால் எவன் கட்டுவான் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கட்டியவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்காவின் தம்பி. நியூசிலாந்திலிருந்து மூன்று வார லீவில் வந்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"உமக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமெண்டு அக்கா சொன்னவ. உண்மையோ?"

"தெரியும்" என்றேன்.

"அப்ப சரி" என்றார். கல்யாணம் முடிந்தது. லீவும் முடிந்தது. அவர் விமானம் ஏறிவிட்டார், நான் விசாவுக்குக் காத்திருந்தேன்.

அந்த மாதங்களில் எங்கள் குடித்தனம் தெருமுனை டெலிபோன் பூத்தில்தான் நடந்தது. அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. "இப்ப வேலையிலை நிக்கிறன்" என்பார். பாவம், மனுஷனை நாள் முழுக்க நிற்க வைத்து வேலை வாங்குகிறார்களே என்று நினைத்துக்கொள்வேன். இன்னொரு நாள் "வீட்டிலைதான் நிக்கிறன்" என்றார். வீட்டில்கூட உட்கார மாட்டாரா என்று மாடி அக்காவிடம் கேட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் தமிழில் நிற்பது என்றால் இருப்பது, தங்குவது. ஆமா என்பதற்கு ஓம். முதலில் நான் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

அதைவிட மோசம் இந்த 'நீர்'. யாழ்ப்பாணத்துக்காரர்கள் மனைவியை நீர் என்றுதான் கூப்பிடுவார்களாம். எனக்கு அது ராஜா வேஷம் போட்டவர் பேசுவதுபோல இருக்கும். ஒருநாள் அவர், "நீர் வந்தா வீடு நிறைஞ்சிடும்" என்றார். பூத்துக்குள் என்னோடு நெருக்கிக்கொண்டு நின்ற அப்பா, என்ன சொல்றார் மாப்பிள்ளை என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் வெட்கத்தில் அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளம் வர்ற இடமா? பொண்ணு கேக்கும்போது சொல்லவே இல்லையே!"

ஆனால் ஒரு வாக்கியம் எனக்கு முழுசாகப் புரிந்தது. "எங்கடை வீட்டுக்குக் கிட்ட ஒரு ஆறு இருக்கு. குருவியள் கனக்க வரும். சைக்கிளிலை போய்ப் பாக்கலாம்." அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த ஊர் என்று ஒன்று கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

அப்பா போய்வருகிற டிக்கெட்டாக எடுத்துக் கொடுத்தார். "போய்ப் பாரு. பிடிக்கலேன்னா வந்துரு. ஊர் என்ன சொன்னா நமக்கென்ன" என்றார். இப்படிச் சொல்கிற அப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பார்? பள்ளியிலும் நல்லவர்கள். சம்பளமில்லா விடுப்பு தந்தார்கள். ஆனால் கோடை விடுமுறை விடுவதற்குள் வருவேனா மாட்டேனா என்று சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் பார்க்க வேண்டுமே என்றார் தலைமையாசிரியை. விசா இழுத்தடித்ததில் நான் ஆக்லாந்து போய் இறங்கியபோதே ஏப்ரல் வந்துவிட்டது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார், நான் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ஏவன்டேலில் வாடகை வீடு. வந்த நாளிலிருந்து மழை. அவருக்கு ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலையில் ரயில் ஏறிப் போனால் இருட்டித்தான் வருவார். தெருமுனை டெய்ரியில் பால் வாங்கப் போவதுதான் எனக்கு உலகம். டெய்ரி என்றால் மாடு இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன், இருந்தது மிட்டாயும் செய்தித்தாளும். பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் சத்தம் கேட்பேன். இரண்டு நாள் அழுதும் இருக்கிறேன். வந்த முதல் சனிக்கிழமை வெயில் அடித்தது. ஆற்றுக்குப் போகலாமா என்று ஆசையாகக் கேட்டேன். அவர் செய்தித்தாளில் எதையோ பார்த்துவிட்டு, "இண்டைக்குச் சரிவராது. வாற சனி போவம், பொறும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வெயில் அடிக்கிறது, லீவு நாள், அப்படியும் சரிவராதாம். ஆறு என்று ஒன்று இருந்தால்தானே காட்டுவார் என்று தோன்றிவிட்டது. அதிலிருந்து எனக்கு அந்த ஆறு வெறும் ஆறு இல்லை. இந்த மனிதர் சொல் நிற்குமா நிற்காதா என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தனியாகத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை, அவரே காட்டட்டும் என்று வீம்பு.

அடுத்த சனியும் வந்தது. எனக்காக ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் ஒரு சிவப்புச் சைக்கிள் வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். தலைக்கு ஹெல்மெட் கட்டாயம், இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும் என்றார். என் கொண்டைக்கு மேல் அது உட்கார மறுத்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கி, அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆற்றங்கரைக்குப் போவதென்றால் எங்கள் பக்கத்தில் கலந்த சாதம்தான். புளிச்சாதமும் தயிர்சாதமும் கட்டியிருந்தேன். அவர் தன் பங்குக்கு, பாண் என்று அவர்கள் சொல்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், பிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டார்.

முதல் இறக்கத்திலேயே கை பிரேக்கைத் தேடியது. பிரேக் இல்லை. "பின்னுக்கு மிதியும்! பின்னுக்கு மிதியும்!" என்று அவர் கத்தினார். பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கிற சைக்கிளாம் அது. அதை இறக்கத்துக்கு முன்னால் சொல்ல வேண்டாமா? யார் வீட்டு வேலியிலோ போய்ச் சாய்ந்தேன். அடி ஒன்றுமில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் ஏறியது.

ஆற்றோரமாகவே போகிற பாதை எதுவும் அப்போது கிடையாது. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாகத் தொழிற்சாலைகள். நடுவில் எங்கேயாவது சந்து கிடைத்தால் நுழைந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாலைக்கு வர வேண்டும். முதல் சந்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "வாரும், பாரும்" என்று ஏதோ சாமிக்குத் திரை விலக்குகிற மாதிரி ஒரு புதரை விலக்கிக் காட்டினார். அந்த ஆற்றின் பெயரே 'வாவ்', ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு வாயில் வந்தது வேறு சொல்.

சேறு. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் சாம்பல் நிறச் சேறு. இரண்டு பக்கமும் குட்டையான அலையாத்திச் செடிகள். நடுவில் சாக்கடை போல ஒரு கோடு தண்ணீர். ஒரு டயர். கவிழ்ந்து கிடந்த ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி.

"என்னங்க இது, வத்திப் போச்சா?" என்றேன்.

"ஓம், வத்து" என்றார், சந்தோஷமாக. "இப்ப நல்ல வத்து."

"எப்பவும் இப்படித்தானா?"

"ஓம், எப்பவும் வாற வத்துத்தானே. பெருக்குக்குப் பாரும், கரை முட்டத் தண்ணி நிக்கும்."

பெருக்கு. அந்தச் சொல் என் காதில் விழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும். காவிரிக்கரையில் பிறந்தவளுக்குப் பெருக்கு என்றால் ஒன்றுதான். ஆடி பதினெட்டு. சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆடியில் புதுத்தண்ணீர் வரும். போதாக்குறைக்கு, நியூசிலாந்தில் ஆடி மாதம்தான் நல்ல மழைக்காலம் என்று கிளம்புவதற்கு முன்பே படித்துவைத்திருந்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆக, இதுவும் கோடையில் வற்றி ஆடியில் பெருகுகிற ஆறு. வாரம் முழுக்கப் பெய்த மழை எங்கே போனது என்று மட்டும் ஒரு கணம் தோன்றியது. கோபத்தில் இருக்கிறவளுக்குக் கணக்கெல்லாம் ஒழுங்காக வருமா? ஆடியில் நான் திருச்சியில் பத்தாம் வகுப்புக்குத் தவளை வரைந்துகொண்டிருப்பேன் என்று நினைத்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு அப்பாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

அவருக்கு இது ஒன்றும் தெரியாது. முன்னால் மிதித்துக்கொண்டு போகிறார், திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். நான் பேசாமல் வருவதைப் பார்த்து, குருவி பார்க்கிறவர்கள் இப்படித்தான் அமைதியாக இருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டாராம்.

"இஞ்சாரும், அங்கை பாரும்!" என்று ஒரு புல்வெளியைக் காட்டினார். நான்கு மைனாக்கள்.

"மைனாவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றேன்.

"ஊர்க்குருவி எண்டா உமக்குச் சந்தோஷமா இருக்குமெண்டு நினைச்சன்" என்றார்.

ஒரு தொழிற்சாலை வாசலில் நீலத்தாழைக்கோழி ஒன்று புல்தரையைக் கடந்து போனது. திருச்சியில் இதைப் பார்க்க நான் குளக்கரைக் கோரைக்குள் மணிக்கணக்காகக் கொசுக்கடி வாங்கியிருக்கிறேன். இங்கே அது லாரிகளுக்கு நடுவே சூப்பர்வைசர் மாதிரி சாவகாசமாக நடந்தது. வேறு நாளாக இருந்தால் துள்ளியிருப்பேன். அன்றைக்குப் பைனாகுலரைக்கூடத் தூக்கவில்லை. அடுத்த சந்தில் சேற்றுக்கு நடுவே நெடுங்கால் உள்ளான்கள், சிவந்த குச்சிக் கால்களோடு. வெள்ளை முகத்தோடு ஒரு சாம்பல் கொக்கு. தள்ளுவண்டியின் கைப்பிடியில் ஒரு மீன்கொத்தி. எல்லாம் தூரத்தில், புள்ளி புள்ளியாக. பெயர் தெரியாத ஒவ்வொன்றையும் அவர் "உதென்ன, உதென்ன" என்று கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். வாத்தியார் புத்தி, தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆறு போய் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னப் புல்வெளி, ஒரு மரப் பெஞ்சு. அதற்கப்பால் அகலமான துறைமுகச் சேறு, அதற்கும் அப்பால் எங்கேயோ கடல். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவர் பாணை எடுத்து என்னிடம் நீட்டினார், என் புளிச்சாதத்தை வாங்கிக்கொண்டார். அவர் அதை ருசித்துச் சாப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் ஆறு இல்லாத ஊரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது, கடல்நீரேரிதான் என்று அக்கா சொல்லியிருக்கிறார். இவருக்குச் சேறும் ஆறுதான். சொல்லிவிட வேண்டும், இப்போதே.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அவர் கையை உயர்த்தினார். "கொஞ்சம் பொறும். பெருக்கு வரட்டும். பிறகு சொல்லும்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஆடி மாசம் வரைக்கும் நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் புளிச்சாதக் கையோடு என்னைப் பார்த்தார். "ஆடியோ? ஆடிக்கு என்ன?"

"நீங்கதானே பெருக்குன்னீங்க! ஆடிப்பெருக்குக்குத்தானே தண்ணி வரும்!"

அவர் ஏதோ மெல்லப் புரிந்துகொண்டவர்போலத் தாடையால் என் முதுகுக்குப் பின்னால் காட்டினார். திரும்பினேன்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மேட்டிலிருந்து இல்லை, கடல் பக்கத்திலிருந்து. சத்தமே இல்லாமல், நுரை விளிம்போடு, சேற்றின் ஒவ்வொரு பள்ளத்தையும் நிரப்பிக்கொண்டு, நாங்கள் வந்த திசையில் ஆற்றுக்குள்ளே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, மணலில் புதுத்தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அதே தண்ணீர், அதே நாக்கு. திசை மட்டும் தலைகீழ். கையில் தயிர்சாதத்தோடு எழுந்து நின்றேன். விலங்கியல் டீச்சருக்கு, நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிற ஓதம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், கடலுக்கு. அது ஆற்றுக்குள் வந்து உட்காரும் என்று திருச்சியில் யார் சொன்னார்கள்?

"இஞ்சை ஒரு நாளைக்கு ரெண்டு பெருக்கு" என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு. இரண்டும்தான். ஊரே கூடிக் கொண்டாடுகிற ஒன்று இங்கே தினமும் இரண்டு தடவை, பார்க்க ஆள் இல்லாமல் நடக்கிறது. கலந்த சாதம்கூடத் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. புளிச்சாதத்தில் ஒரு பிடி எடுத்து ஆற்றில் விட்டேன். எங்கள் ஊர் வழக்கத்துக்கு அது போதாது, ஆனால் கையில் இருந்தது அதுதான். அவர் தன் பாணில் ஒரு துண்டைக் கிள்ளி அதன் பின்னால் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கிடைத்த சீதனம். தண்ணீர் ஏற ஏறச் சேறு குறைந்தது. புள்ளி புள்ளியாகத் தெரிந்த பறவைகள் எல்லாம் இடம் இல்லாமல் எங்கள் கரைக்கே வந்தன. உள்ளான்கள் வந்தன. கொக்கு வந்தது. கடைசியில் பெஞ்சுக்குக் கீழே இருந்த சிப்பிமேட்டில் ஒரு சின்னக் கூட்டம் இறங்கியது. நீண்ட, லேசாக மேல்நோக்கி வளைந்த அலகு. பட்டைவால் மூக்கன்! கோடிக்கரையில் கால் கடுக்க நின்றும் நான் தூசியாக மட்டுமே பார்த்த பறவை. இங்கே பைனாகுலர் தேவைப்படவில்லை. இறகில் காற்று அடிப்பதுகூடத் தெரிந்தது. பெரிய பறவைகள் எல்லாம் வடக்கே போய்விட்ட பருவம் அது, முதல் வருஷக் குஞ்சுகள் மட்டும் போகாமல் இங்கேயே தங்கிவிடும் என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்கு அது தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

"வத்திலை நீர் தூரத்திலை பாக்கவேணும், பெருக்கிலை கிட்டப் பாக்கவேணும்" என்றார் அவர் கிசுகிசுப்பாக. "போன சனி நீர் கேக்க முன்னமே காலமைப் பெருக்கு முடிஞ்சுது. பின்னேரம் வத்திப்போய் எல்லாம் தூரப் போயிடும். அதுதான் கூட்டிக்கொண்டு வரேல்லை. பேப்பரிலை நேரம் போடுவாங்கள்."

செய்தித்தாளில் அவர் பார்த்தது அதைத்தான். நான் விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில், லீவு கிடைத்த சனிக்கிழமை எல்லாம் அந்தப் பெஞ்சில் தனியாக வந்து உட்கார்ந்து, எந்த நேரத்தில் வந்தால் பறவை கிட்ட வரும் என்று பார்த்து வைத்திருக்கிறார். ஒரு பறவையின் பெயரும் தெரியாமல். எனக்காக அதற்கு முன்பும் பின்பும் யாரும் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. அந்தக் கடனை நான் தீர்க்கவில்லை, தீர்க்க எனக்கு ஆசையும் இல்லை.

திரும்பும் வழியில் முதல் சந்தில் மறுபடி நின்றோம். டயரைக் காணோம். தள்ளுவண்டியைக் காணோம். கரை முட்டத் தண்ணீர், அலையாத்திச் செடிகளின் தலை மட்டும் வெளியே. மீன்கொத்தி ஒரு மின்கம்பிக்கு இடம் மாறியிருந்தது. வீடு சேருகிற வரைக்கும் நான்தான் முன்னால் மிதித்தேன்.

"நீர் ஏதோ சொல்லவேணும் எண்டீர்" என்றார் இரவுச் சாப்பாட்டின்போது.

"மறந்துட்டேன்" என்றேன்.

மறுநாள் போன் வந்தது. நான் ஹாலில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து எடுத்தேன். அவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் நின்றது.

"என்னம்மா, ஆறு பார்த்தியா? தண்ணி இருக்கா?" என்றார் அப்பா.

"காலையில இல்லப்பா. மத்தியானம் வந்துடுச்சு."

"அது என்னம்மா ஆறு?"

"இங்க ஒரு நாளைக்கு ரெண்டு பெருக்குப்பா." போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டேன். "ஸ்கூல்ல வேற டீச்சர் பார்த்துக்கச் சொல்லிடுங்கப்பா."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி" என்றார். பிறகு, "கலந்த சாதம் கட்டிட்டுப் போனீங்களா?" என்றார்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சமையலறை வாசலில் ஈரக் கையோடு அவர்.

"அப்ப, நீர் நிக்கிறீரோ?"

கல்யாணமான புதிதில் என்றால், உட்கார்ந்துதானே இருக்கிறேன், கண் தெரியவில்லையா என்று கேட்டிருப்பேன்.

"ஓம்" என்றேன்.